பழைய இரும்பு விலைக்குப் போன வானொலி

சென்ற ஆண்டு தீபாவளிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உல்லாஸ்நகரில் உள்ள எங்கள் வீட்டுப் பரணை ஒழித்துக் கொடுக்கும்படி அம்மா சொன்னார்கள். நானும் ஒழித்துக் கொடுத்தேன். உடைந்த நாற்காலி, ஓட்டைக் குடம், துருப்பிடித்த மடக்குக் கட்டில் ஆகியவற்றோடு ஒரு கனத்த இரும்புப் பெட்டியும் இறங்கியது. தாத்தா வைத்திருந்த பழைய வானொலிப் பெட்டி அது. தாத்தா மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. பெட்டியும் பேச்சை நிறுத்தி நெடுங்காலம் ஆயிற்று. பழைய சாமான் வாங்குபவரை இங்கே பங்கார்வாலா என்பார்கள். அவர் வந்து தராசில் வைத்தார். எல்லாம் சேர்த்து 640 ரூபாய் கொடுத்தார். நானும் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து, போர்க்கால வானொலிக் கருவிகளைப் பற்றிய ஒரு நூலை நூலகத்தில் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் என் கை நின்றது. அதே பெட்டி! முகப்பில் அதே திருகுகள், அதே வட்ட முகங்கள். எழுத்துகளும் அவையே: ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் கீழ் ரஷ்ய மொழியில் ஒரு வரி. சிறுவனாக இருந்தபோது, "தாத்தா, இது என்ன பாஷை?" என்று கேட்டிருக்கிறேன். "சண்டைக்காரன் பாஷை" என்று அவர் சிரித்தபடி சொன்னது நினைவில் இருக்கிறது. அந்தச் சிரிப்பின் பொருள் அன்றுதான் விளங்கியது. நான் எடை போட்டு விற்றது இரண்டாம் உலகப் போரில் டாங்கிகளுக்குள் இருந்து பேசிய '19ஆம் எண்' கம்பியில்லாக் கருவி.

மறுநாள் அந்தப் பங்கார்க் கடைக்கு ஓடினேன். "அன்றைக்கே உடைத்துவிட்டோமே, செம்பு வேறு, இரும்பு வேறாகப் பிரித்துவிட்டோம்" என்றார் அவர். அவர்மேல் குற்றம் இல்லை. குற்றம் என்மேல்தான். அந்தக் குற்றத்துக்குக் கழுவாயாகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இதைப் படிக்கும் நண்பர்களில் ஒருவராவது தம் வீட்டுப் பரணை ஒழிக்கும்முன் சற்று நின்று பார்த்தால் போதும்.

ஊரின் கதை

அப்படிப்பட்ட கருவி எங்கள் ஊருக்கு எப்படி வந்தது? ஊரே அந்தப் போரில் பிறந்ததுதான். இன்று உல்லாஸ்நகர் என்றால் மேசை நாற்காலியும் ஜீன்ஸ் துணியும் பலருக்கு நினைவு வரும். இங்கே செய்த பொருள்களில் 'மேட் இன் யு.எஸ்.ஏ.' என்று பொறித்துவிட்டு, 'உல்லாஸ்நகர் சிந்தி அசோசியேஷன்' என்று விளக்கம் சொல்வார்கள் என்ற வேடிக்கைப் பேச்சும் பழையது. ஆனால் 1940ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் இங்கே கடையும் இல்லை, சந்தையும் இல்லை. கல்யாணை அடுத்த வெட்டவெளியில் இராணுவம் ஒரு தங்கல் முகாம் அமைத்தது. 6,000 போர்வீரரும் 30,000 பிறரும் தங்குவதற்கென அது அமைக்கப்பட்டது என்று நகர வரலாறு கூறுகிறது. கடல் கடந்து போகவேண்டிய படைகள் இங்கே வந்து தங்கி, பம்பாய்த் துறைமுகத்துக்குச் செல்லும். சற்றுத் தொலைவில் நெவாளியில் விமானத் தளம் ஒன்றும் அக்காலத்தில் எழுந்தது.

போர் முடிந்தது. முகாம் வெறிச்சோடியது. 1947இல் நாடு பிரிந்தபோது, சிந்து மாகாணத்திலிருந்து வீடு வாசலை இழந்து வந்த மக்களை அரசாங்கம் இந்தப் பாசறைகளில் குடியமர்த்தியது. பக்கத்தில் ஓடும் உல்லாஸ் ஆற்றின் பெயரால் 1949 ஆகஸ்டு 8ஆம் நாள் இந்த ஊருக்கு உல்லாஸ்நகர் என்று பெயர் சூட்டி அடிக்கல் நாட்டியவர் யார் தெரியுமா? அன்று இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த நம் ராஜாஜி! சிந்திகளின் ஊருக்குச் சேலத்துக்காரர் பெயர் சூட்டினார் என்பதை இங்குள்ள தமிழர்களிலேயே பலர் அறியார்.

முகாம் போய்விட்டாலும் அதன் பேச்சு போகவில்லை. இன்றும் எங்கள் முகவரியில் 'கேம்ப் நம்பர்' உண்டு. பழைய குடும்பங்களின் முகவரியில் 'பாரக் நம்பர்'கூட உண்டு. ஆட்டோக்காரரிடம் "கேம்ப் மூன்று" என்றால் கொண்டு போய்விடுவார். எந்தக் கேம்ப், யாருடைய கேம்ப் என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

போர் முடிந்ததும் இராணுவம் வேண்டாமென்று கழித்த பொருள்கள் நாடெங்கும் ஏலத்துக்கு வந்தன. கூடாரத் துணி, தண்ணீர்க் குப்பி, தொலைபேசிக் கம்பி, வானொலிக் கருவி எல்லாம் மலிவு விலையில் கிடைத்தன. பம்பாயின் சோர் பஜாரிலும் லாமிங்டன் சாலையிலும் அவை குவிந்தன. அம்பர்நாத்தில் வேலை பார்த்த எங்கள் தாத்தா அப்படித்தான் அந்தப் பெட்டியை வாங்கியிருக்கிறார். பன்னிரண்டு வோல்ட் மின்கலத்தோடு இணைத்து, அதில் அவர் கேட்டது இலங்கை வானொலி. டாங்கிக்குள் ஆணை கேட்ட கருவி, பாரக் வீட்டில் பாட்டுக் கேட்டது!

கருவி பேசுவது எப்படி?

அந்தக் காலத்து வானொலியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதை நம்மில் அறிவியல் பயிலாதவர்களும் எளிதில் அறியலாம்.

ஒலிபரப்பும் நிலையத்தில் ஒலிவாங்கி நம் பேச்சை மின் ஓட்டமாக மாற்றுகிறது. அந்த மெல்லிய ஓட்டம் வேகமாக அதிரும் ஓர் அலையின் மேல் ஏற்றப்படுகிறது. குதிரைமேல் ஆளை ஏற்றி அனுப்புவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை வானலை, ஆள் நம் பேச்சு. கேட்பவரின் பெட்டியில் கம்பிச் சுருள் ஒன்றும் மின்தேக்கி ஒன்றும் சேர்ந்து, வானத்தில் வரும் ஆயிரம் குதிரைகளில் ஒன்றை மட்டும் பிடித்து உள்ளே விடுகின்றன. நாம் திருகைத் திருப்புவது அதற்காகத்தான். பிறகு குதிரையை விட்டு ஆளை இறக்கி, அவன் குரலைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பவேண்டும்.

பெருக்கும் வேலையைச் செய்தது வால்வு. கண்ணாடிக் குமிழுக்குள் காற்றை எடுத்துவிட்டு, ஒரு கம்பியைச் சூடேற்றுவார்கள். சூட்டில் மின்னணுக்கள் வெளிப்பட்டு எதிரே உள்ள தகட்டுக்குப் பாயும். இடையில் ஒரு வலை உண்டு. வாய்க்காலில் மடைப் பலகையைச் சிறிது அசைத்தால் பெரும் நீர் கூடவோ குறையவோ செய்கிறதல்லவா? அதுபோல வலையில் ஏற்படும் மிகச் சிறிய மின் மாற்றம், பாயும் பெரிய ஓட்டத்தை ஆட்டி வைக்கும். சிறு குரல் பெருங்குரலாவது இவ்வாறே. டிரான்சிஸ்டர் 1947இன் இறுதியில்தான் அமெரிக்காவில் உருவாயிற்று. ஆகவே அந்தப் போர் முழுவதும் பேசியது வால்வுதான்.

வானொலியில் 'மீட்டர்' என்று சொல்வது ஒரு அலையின் நீளம். ஒளியின் வேகமான வினாடிக்கு 30 கோடி மீட்டரை அலையின் நீளத்தால் வகுத்தால், வினாடிக்கு எத்தனை அதிர்வு என்பது கிடைக்கும். 42 மீட்டர் அலை என்றால் ஏறத்தாழ 71 இலட்சம் அதிர்வுகள். இத்தகைய அலைகளைச் சிற்றலை என்கிறோம். சிற்றலையின் சிறப்பு என்னவென்றால், அது வானத்தில் நூறு கிலோமீட்டருக்கும் மேலே உள்ள மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வரும். அதனால் கடலும் மலையும் அதற்குத் தடை ஆவதில்லை. 40 மீட்டர் அளவிலான அலைகள் இரவில் இன்னும் நெடுந்தொலைவு செல்லும். தாத்தா இரவில் கொழும்பைக் கேட்டது இதனால்தான்.

இந்தச் சிறப்பு போரில் இருபுறமும் கூரான வாளாயிற்று. வானத்தில் விட்ட சொல்லை நண்பனும் கேட்பான், பகைவனும் கேட்பான். அது மட்டுமன்று; சொன்னவன் எங்கே இருக்கிறான் என்பதையும் கண்டுபிடிக்கலாம். வளையம் போன்ற ஏரியல் ஒன்றைச் சுழற்றிக்கொண்டே வந்தால், ஒரு திசையில் ஒலி மிகவும் குன்றும். அதைக் கொண்டு அலை வரும் திசையை அறியலாம். ஒரே இடத்தில் நின்றால் திசை மட்டும் தெரியும். வேறோர் இடத்திலிருந்தும் திசையைப் பார்த்து, படத்தில் இரண்டு கோடுகளை வரைந்தால், அவை வெட்டும் இடத்தில் நிலையம் இருக்கும். போலீஸ் வண்டிகளில் இந்தக் கருவி ஏறியதும் இரகசிய வானொலி நடத்துவோர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடம் மாறவேண்டியதாயிற்று.

வானத்தில் நடந்த போர்

தமிழ் மொழியும் அந்தப் போரில் வானேறியது. சென்னையில் 1924இலேயே வானொலிச் சங்கம் ஒன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் பிறந்தன. 1939 செப்டம்பரில் போர் மூண்டதும், சொந்த ஆர்வத்தால் ஒலிபரப்புக் கருவி வைத்திருந்தவர்கள் அவற்றை அரசிடம் ஒப்படைக்கவேண்டும் என்ற ஆணை வந்தது. மறுபுறம், தம் பக்கச் செய்தியைத் தமிழர் கேட்கவேண்டும் என்று வல்லரசுகள் விரும்பின. லண்டன் பி.பி.சி. 1941 மே 3ஆம் நாள் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. பின்னர் 'தமிழோசை' என்று பெயர் பெற்ற அந்த வானொலிச் சேவை 2017 வரை நடந்தது. நேதாஜியின் ஆசாத் ஹிந்த் வானொலி 1942இல் ஜெர்மனியில் தொடங்கி, பிறகு சிங்கப்பூருக்கும் இரங்கூனுக்கும் சென்றது. அதன் மொழிகளில் தமிழும் ஒன்று. மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்த காலம் அது. ஆக, ஒரே தமிழில் இரு தரப்பும் பேசின. ஒரே பெட்டியில் திருகைச் சிறிது திருப்பினால் அந்தக் கட்சி. இன்னும் சிறிது திருப்பினால் இந்தக் கட்சி!

இலங்கை வானொலியின் கதை இன்னும் சுவையானது. கொழும்பில் 1925 முதலே ஒலிபரப்பு உண்டு. ஆனால் கடல் கடந்து ஒலிக்கும் வலிமையை அதற்குத் தந்தது போர். தென்கிழக்கு ஆசியாவில் போரிட்ட நேச நாட்டுப் படையினருக்காக 'ரேடியோ சீயாக்' என்ற நிலையம் கொழும்பில் அமைந்தது. அதற்காக வந்த 100 கிலோவாட் ஆற்றலுள்ள ஒலிபரப்பி, போர் முடிந்த பின்னர் ஏகலையில் இயங்கியது. 1949இல் அந்த நிலையம் இலங்கை அரசின் கைக்கு வந்தது. நம் தாய்மாரும் பாட்டிமாரும் பாட்டுக் கேட்டு மகிழ்ந்த வானொலிக்குப் பின்னால் படை முகாமின் இயந்திரம் ஒன்று நின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வானொலி இல்லாவிட்டால் உண்மை எப்படிப் புதையும் என்பதற்கும் பம்பாயே சான்று. 1944 ஏப்ரல் 14ஆம் நாள் பிற்பகல், விக்டோரியா துறையில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றி நின்ற 'ஃபோர்ட் ஸ்டிகைன்' என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். துறைமுகமும் அதை ஒட்டிய தெருக்களும் அழிந்தன. பம்பாயே அதிர்ந்த அந்தச் செய்தியைத் தணிக்கை வெளியே விடவில்லை. ஜப்பானியர் பிடியில் இருந்த சைகோன் வானொலிதான் மறுநாள் அதை உலகுக்கு விரிவாகச் சொன்னது. இங்கிருந்து செய்தி அனுப்ப நிருபர்களுக்கு அனுமதி கிடைத்தது மே மாதத்தில்! தம் ஊரில் நடந்ததைத் தெரிந்துகொள்ளப் பகைவனின் வானொலியைக் கேட்கவேண்டிய நிலை எவ்வளவு இழிவானது!

ஒரு மாணவியின் வானொலி

இந்த வரலாற்றில் நம்மைப் போன்ற மாணவர்கள் மறக்கக்கூடாத ஒரு பக்கம் உண்டு. 1942 ஆகஸ்டு 8ஆம் நாள் பம்பாய் கோவாலியா குளத் திடலில் 'வெள்ளையனே வெளியேறு' தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் மற்றத் தலைவர்களும் சிறைப்பட்டனர். பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டு. அப்போது 22 வயது மாணவியாக இருந்த உஷா மேத்தாவும் அவர் நண்பர்களும் ஒரு முடிவுக்கு வந்தனர்: பத்திரிகை பேசாவிட்டால் வானொலி பேசட்டும்.

பாபுபாய் காக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோர் தோள் கொடுத்தனர். ராம் மனோகர் லோகியா துணை நின்றார். நரிமன் பிரின்டர் என்ற வானொலி வல்லுநர் கருவியை அமைத்துத் தந்தார். காங்கிரஸ் மாநாடுகளுக்கு ஒலிபெருக்கி அமைத்து வந்த சிகாகோ ரேடியோ நிறுவனத்தின் நானக் மோட்வானே கருவிகள் தந்து உதவினார். மோட்வானே குடும்பம் சிந்துவிலிருந்து பம்பாய்க்கு வந்த குடும்பம் என்பதை உல்லாஸ்நகர்க்காரனான நான் இங்கே பெருமையோடு குறிப்பிடுகிறேன்.

உஷா மேத்தா பின்னாளில் சொன்ன கணக்குப்படி ஆகஸ்டு 27ஆம் நாள் முதல் ஒலிபரப்பு நடந்தது. "இது காங்கிரஸ் வானொலி, 42.34 மீட்டரில், இந்தியாவில் ஏதோ ஓரிடத்திலிருந்து பேசுகிறோம்" என்ற பொருளில் அவர் ஆங்கிலத்தில் அறிவித்தார். அந்த 'ஏதோ ஓரிடம்' பம்பாய் நகரத்துக்கு உள்ளேயே இருந்தது! சௌபாத்தியில் ஒரு மாடி வீடு, லேபர்னம் சாலையில் அஜித் வில்லா, சாண்ட்ஹர்ஸ்ட் சாலையில் லட்சுமி பவன், கிர்காமில் பாரேக்வாடி, மகாலட்சுமி கோயிலுக்கு அருகே ஒரு பங்களா என்று இடம் மாறிக்கொண்டே இருந்தார்கள். கோடுகள் வெட்டும் இடத்தைப் போலீஸ் வண்டி கண்டுபிடிக்குமுன் கருவியைத் தூக்கிக்கொண்டு போகவேண்டும் அல்லவா? சிட்டகாங் குண்டுவீச்சு, ஜாம்ஷெட்பூர் வேலைநிறுத்தம், சிமூர், ஆஷ்டி ஊர்களில் நடந்த கொடுமைகள் முதலிய செய்திகளைப் பத்திரிகைகள் வெளியிட அஞ்சிய நாளில் அந்த வானொலி கூறியது.

1942 நவம்பர் 12ஆம் நாள் கருவியை அமைத்தவரே போலீஸிடம் அகப்பட்டு இடத்தைக் காட்டிக் கொடுத்தார். ஓரிடத்தில் சோதனை நடப்பதை அறிந்தும் உஷா ஓடி ஒளியவில்லை. பாரேக்வாடிக்குச் சென்று அன்றைய ஒலிபரப்பை நடத்தினார். 'வந்தே மாதரம்' இசைத்தட்டு சுழன்றுகொண்டிருந்தபோது கதவு உடைந்தது. மாதக்கணக்கில் தனிச்சிறையில் வைத்து விசாரித்தார்கள். நீதிமன்றத்தில் அவர், "கேள்விகளுக்கு விடை சொல்லியே ஆகவேண்டுமா?" என்று கேட்டார். "கட்டாயம் இல்லை" என்றார் நீதிபதி. அதன்பின் ஒரு கேள்விக்கும் அவர் விடை கூறவில்லை. காக்கருக்கு 5 ஆண்டு, உஷாவுக்கு 4 ஆண்டு, சந்திரகாந்துக்கு ஓராண்டு சிறை. மற்ற இருவர் விடுதலையாயினர். உஷா 1946இல் எரவாடாச் சிறையிலிருந்து வெளிவந்தார். பிறகு பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் துறைப் பேராசிரியராக விளங்கி, 1998இல் பத்ம விபூஷண் பெற்று, 2000 ஆகஸ்டு 11ஆம் நாள் மறைந்தார்.

ஏறத்தாழ மூன்று மாதமே நடந்த வானொலி அது. தாத்தாவின் பெட்டி பிடிக்கக்கூடிய அலைவரிசைக்குள்தான் 42.34 மீட்டரும் இருக்கிறது. இலங்கை வானொலியின் 41 மீட்டருக்கும் அதற்கும் திருகில் ஒரு விரல் அசைவுகூட இராது. சிறுவயதில் நான் விளையாட்டாகத் திருப்பிய திருகு எத்தனையோ முறை அந்த இடத்தைக் கடந்து போயிருக்கும்.

சிறிய சாலை, பெரிய பணி

இந்தப் பொருள்களையும் கதைகளையும் காப்பது யார்? மத்தியப் பிரதேசத்து ஜபல்பூரில் இராணுவத்தின் சமிக்ஞைப் படைக்கு ஒரு பொருட்காட்சிச் சாலை உண்டு. அது படையின் பொறுப்பில் உள்ளது. அரசாங்கமோ படையோ செய்யட்டும் என்று நாம் இருந்துவிடலாமா?

ஸ்காட்லாந்தின் வடகோடியில் ஆர்க்னித் தீவுகள் உள்ளன. அங்கே ஸ்காப்பா ஃபுளோ என்ற இயற்கைத் துறைமுகம் பிரிட்டிஷ் கடற்படையின் தளமாக இருந்தது. 1939 அக்டோபரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று உள்ளே புகுந்து 'ராயல் ஓக்' என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது. 800க்கு மேற்பட்டோர் இறந்தனர். அந்தத் தளத்தைக் காக்கத் தீவெங்கும் தொலைபேசியும் வானொலியும் அமைந்தன. போர் முடிந்தது. கருவிகள் அங்கும் கழிவாயின. ஆனால் வானொலியில் ஆர்வம் கொண்ட உள்ளூர்க்காரர் ஒருவர் அவற்றைச் சேர்த்து வைத்தார். அவர் சேர்த்தவை பின்னர் ஒரு சிறு பொருட்காட்சிச் சாலையாயின. இன்று அது தீவின் தலைநகரான கிர்க்வாலில், ஆர்க்னி வானொலிப் பொருட்காட்சிச் சாலை என்ற பெயரில் தொண்டர்களால் நடத்தப்படுகிறது. போர்க்காலக் கருவிகளும், வீடுகளில் மக்கள் பாட்டுக் கேட்ட பெட்டிகளும் அங்கே ஒன்றாக இருக்கின்றன. மாளிகையும் இல்லை, பெருஞ்செல்வமும் இல்லை. தம் ஊரில் நடந்ததை மறக்கக்கூடாது என்ற பிடிவாதம் இருக்கிறது.

சிறிய சாலையால் செய்யக்கூடிய ஒன்றைப் பெரிய சாலையால் செய்ய இயலாது. பெரிய சாலை சிறந்த பொருளைத் தேடும். சிறிய சாலை நம் பொருளை வைக்கும். 19ஆம் எண் கருவிகள் உலகில் இன்னும் பல இடங்களில் உள்ளன. ஆனால் உல்லாஸ்நகர் பாரக்கில் இருந்து இலங்கை வானொலி கேட்ட கருவி ஒன்றுதான். அதை நான் விற்றுவிட்டேன்.

நாம் செய்யக்கூடியது

நண்பர்களே, தாராவி, மாட்டுங்கா, செம்பூர், முலுண்டு, அம்பர்நாத் என்று எங்கெங்கோ இருந்து வந்து படிக்கும் நாம் ஒரு நூறு வீடுகளின் பரணையாவது அறிவோம். கட்டடம் பிறகு வரட்டும். முதலில் செய்யவேண்டியவை சிலவற்றைச் சொல்கிறேன்.

வீட்டில் பழைய வானொலி, தந்திச் சாவி, தலையில் மாட்டும் கேள்குழல், இராணுவத் தொலைபேசி, பழைய வானொலி உரிமச் சீட்டு ஏதேனும் கிடைத்தால், துடைத்து மெருகேற்றாதீர்கள். முகப்பில் உள்ள எண்ணும் எழுத்தும்தான் அதன் பிறப்புச் சான்று. உரைத்துத் தேய்த்தால் அது போய்விடும். முன், பின், உள் ஆகிய மூன்று பக்கமும் படம் எடுங்கள். எங்கே வாங்கியது, யார் வைத்திருந்தார், என்ன கேட்டார் என்பதை ஒரு தாளில் எழுதிப் பெட்டியோடு கட்டுங்கள். தாள் இல்லாத பெட்டி வெறும் இரும்பு. எங்கள் பெட்டியில் அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் நான் விற்றிருக்கமாட்டேன்.

ஆர்வத்தில் உடனே மின்சாரம் கொடுத்துவிடாதீர்கள். பழைய மின்தேக்கிகள் கெட்டுப்போயிருக்கும், பெட்டி எரிந்துவிடும். வால்வுக் கருவிகளுக்குள் நூற்றுக்கணக்கான வோல்ட் ஓடும். இணைப்பை எடுத்த பிறகும் மின்தேக்கியில் மின்சாரம் தங்கி, தொட்டவரைத் தாக்கும். போர்க்காலக் கருவிகள் சிலவற்றின் முள்ளும் எண்களும் இருட்டில் ஒளிர ரேடியம் பூசியிருப்பார்கள். ஒளி மங்கியிருந்தாலும் கதிரியக்கம் மங்கியிராது. அந்தப் பூச்சைச் சுரண்டவோ கண்ணாடியைக் கழற்றவோ கூடாது. ஒலிபரப்பும் கருவியை உரிமம் இன்றி இயக்குவதும் சட்டப்படி குற்றம். தெரிந்தவர் துணையின்றி எதையும் தொடவேண்டாம்.

எல்லாவற்றிலும் அவசரமானது மனிதரின் நினைவு. 1942இல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டிவிட்டார். துறைமுகம் வெடித்த ஓசையைக் கேட்டவர், இரங்கூனிலிருந்து நடந்து வந்தவர், இரவில் கதவைச் சாத்திக்கொண்டு நேதாஜியின் பேச்சைக் கேட்ட வீட்டில் வளர்ந்தவர் நம் உறவில் ஒருவர் இருக்கக்கூடும். இரும்பு இன்னும் ஐம்பது ஆண்டு பரணில் கிடக்கும். அவர்கள் கிடக்கமாட்டார்கள். நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒலிப்பதிவுக் கருவி இருக்கிறது. இந்த விடுமுறையில் ஒருவரிடமாவது ஒரு மணி நேரம் உட்கார்ந்து, அவர் சொல்வதைப் பதிவு செய்து கொண்டு வாருங்கள். நம் சங்க அறையில் ஓர் அலமாரி காலியாக இருக்கிறது. அதில் பத்துப் பதிவுகளும் நான்கு பெட்டிகளும் சேர்ந்துவிட்டால் அதுவே ஒரு பொருட்காட்சிச் சாலை.

காந்தியடிகள் பம்பாயில் தங்கிய மணிபவன் லேபர்னம் சாலையில் உள்ளது. இரகசிய வானொலி ஒளிந்திருந்த அஜித் வில்லாவும் அதே சாலையில்தான். சிறையிலிருந்து வந்த உஷா மேத்தா பிற்காலத்தில் மணிபவன் நினைவகத்துக்குத் தலைமை ஏற்றுப் பணி புரிந்தார். உயிரைக் கொடுத்துப் பேசியவர், பேசியவற்றைக் காப்பதும் தம் கடமை என்றே கருதினார் போலும். நாம் உயிரைக் கொடுக்கவேண்டியதில்லை. ஓர் அலமாரியைக் கொடுத்தால் போதும்.

அந்த 640 ரூபாயை நான் செலவு செய்யவில்லை. அலமாரிக்கு ஒரு பூட்டும், கட்டி வைக்க ஒரு கட்டுத் தாளும், கயிறும் வாங்க அதைச் சங்கச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். முதல் தாளில் தாத்தாவின் பெட்டியைப் பற்றி எழுதி வைத்துவிட்டேன். பெட்டி இல்லாத தாள் அது. அடுத்த தாள் பெட்டியோடு வரவேண்டும்.